காணி போனால் கூலியும் போகுமா?

தெஹிவளைச் சந்தியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீட்டில் ஒரு குடும்பத்தை நாம் அண்மையில் சந்தித்தோம். குடும்பத் தலைவருக்கு அறுபது வயதாகப் போகிறது. வலிகாமம் வடக்கில் தகப்பனோடு சேர்ந்து செம்மண் தோட்டம் செய்தவர். வெங்காயம், மிளகாய், புகையிலை, இடையில் ஒரு போகம் குரக்கன். 1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டவர்கள், மானிப்பாய், சாவகச்சேரி, வவுனியா என்று இடம் மாறி மாறி 1997 இல் தெஹிவளைக்கு வந்து சேர்ந்தார்கள். அன்று தொடங்கி அவர் மேசன்மாருக்குக் கையாள். மணல் அரிப்பது, சீமெந்து குழைப்பது, கல் சுமப்பது.

அவர் சொன்ன ஒரு சொல் எங்களை இந்தக் கட்டுரை எழுத வைத்தது.

“ஊரிலையும் நான் கூலிக்குப் போனனான்தான். தோட்டத்தில வேலை இல்லாத நாளில போவன். கூலி காணாதெண்டா போகமாட்டன். வீட்டில குரக்கன் கிடக்கும், முருங்கை நிக்கும், ஆடு நிக்கும். இஞ்ச அப்பிடியே? குடுக்கிறதை வாங்கத்தான் வேணும். அதுவும் இப்ப இளம் பெடியளைத்தான் முதல் கூப்பிடுவினம். ரெண்டு நாள் ஒழுங்காச் சாப்பிடாமப் போனா மூண்டாம் நாள் என்னைக் கூப்பிடமாட்டினம்.”

காணியை இழந்தவர் விளைச்சலை இழந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். நட்டஈட்டுப் படிவங்களும் அதைத்தான் கேட்கின்றன. எத்தனை பரப்பு, என்ன பயிர், எத்தனை தென்னை என்று. ஆனால் இந்த ஐயா சொல்வது வேறு. காணி போனதோடு, கூலிச் சந்தையில் தன்னுடைய நிலையும் போய்விட்டது என்கிறார் அவர். இதையே இரண்டு பொருளியலாளர்கள் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள்.

அவர்கள் பார்த்தா தாஸ்குப்தாவும் டெப்ராஜ் ரேயும். தாஸ்குப்தா 1942 இல் டாக்காவில் பிறந்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். போசாக்கின்மைக்கும் வேலையின்மைக்கும் காரணம் ஏற்றத்தாழ்வே என்ற கருத்தை இருவரும் 1986 இலும் 1987 இலும் இரண்டு கட்டுரைகளாக வெளியிட்டார்கள். கட்டுரைகள் முழுவதும் கணிதம். நாம் விளங்கிக்கொண்ட அளவில் விடயம் இதுதான்.

மனித உடம்பு சும்மா படுத்திருந்தாலும் அதற்குச் சாப்பாடு வேண்டும். மூச்சு விடவும், இரத்தம் ஓடவும், உடல் சூடு காக்கவும் ஒரு பங்கு போய்விடும். அதற்கு மேலே சாப்பிடுவதில் இருந்துதான் மண்வெட்டி பிடிக்கும் பலம் வருகிறது. வேலை கொடுப்பவர் பார்ப்பது, தான் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவுக்கும் எவ்வளவு வேலை கிடைக்கிறது என்பதை. சிறு துண்டுக் காணி உள்ளவருக்குச் சாப்பாட்டில் ஒரு பங்கு காணியிலிருந்தே வந்துவிடுகிறது. ஆகவே குறைந்த கூலிக்கும் அவரால் முழு வேலை செய்ய முடியும். காணியில்லாதவர் அதே கூலிக்கு வரச் சம்மதித்தாலும், அந்தக் கூலியில் சாப்பிட்டு அந்த வேலையைச் செய்ய அவருடைய உடம்பு இடங்கொடுக்காது. முதலாளி சிறு காணிக்காரரை எடுத்துக்கொள்கிறார். காணி நிறைய உள்ளவர் கூலி போதாது என்று தாமே வராமல் இருக்கிறார். காணியற்றவரோ வர விரும்பியும் வேலையின்றி வெளியே நிற்கிறார். பட்டினி அவருடைய வேலையைப் பறிக்கிறது. வேலையின்மை மறுபடியும் பட்டினியைக் கொண்டுவருகிறது.

சோம்பல் என்றும் பழக்கமில்லை என்றும் சொல்லப்படுவதில் எவ்வளவு பங்கு வெறும் வயிறு என்று நாம் கேட்பதில்லை. இடம்பெயர்ந்தவர்களைப் பற்றி அந்த நாட்களில் எத்தனை பேர் எங்கள் காதுபடவே அப்படிப் பேசினார்கள்!

இந்தக் கட்டுரைகளில் இன்னொரு முடிவும் உண்டு. காணியைக் காணியற்றோருக்குப் பகிர்ந்து கொடுத்தால், அவர்கள் உண்டு பலம் பெற்று வேலைக்கு வருவதால், நாட்டின் மொத்த உற்பத்தியே கூடக்கூடும் என்பது அது. காணியைத் திருப்பிக் கேட்பவர்களை உதவி கேட்பவர்களாக மட்டும் பார்ப்பவர்களுக்கு இதை எடுத்துச் சொல்லலாம்.

கொழுந்து நிறுத்த தராசு

ஏட்டுக் கணக்கு ஒருபுறம் இருக்க, இலங்கை மண்ணில் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? பார்த்திருக்கிறார்கள். டேவிட் சான், ஹரோல்ட் ஆல்டர்மன் என்ற இரு பொருளியலாளர்கள், இலங்கையில் 1980-81 இல் எடுக்கப்பட்ட குடும்ப மதிப்பீட்டை வைத்து 1988 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கிராமப்புற ஆண்களிடையே, நன்றாகச் சாப்பிடும் வீட்டைச் சேர்ந்தவருக்குக் கூலியும் கூடுதலாக இருந்தது. நல்ல கூலி வருவதால்தானே நன்றாகச் சாப்பிடுகிறார் என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் கேள்வி அவர்களுக்கும் இருந்தது. இரண்டையும் பிரித்தறிய முயன்ற பின்னரே, சாப்பாடு கூலியை உயர்த்துகிறது என்று எழுதினார்கள்.

இதைவிட எங்கள் மனதில் நிற்பது மலையகத்தில் நடந்த ஆய்வு. அது பொருளியலாளர் செய்ததல்ல, மருத்துவ ஆய்வாளர்கள் செய்தது. 1979 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியானது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களில் சிலருக்கு இரும்புச் சத்துக் குளிசையும், அவர்களை ஒத்த வேறு சிலருக்கு அதே தோற்றத்தில் சத்தில்லாத குளிசையும் கொடுத்தார்கள். பின்னர் பறித்த கொழுந்தின் நிறையைப் பார்த்தார்கள். குருதியில் ஈமோகுளோபின் ஏறியபோது கொழுந்தின் நிறையும் ஏறியது. யாருக்கு இரத்தம் மிகக் குறைவாக இருந்ததோ அவர்களிடமே முன்னேற்றம் மிகக் கூடுதல். வேலை நேரத்துக்கு வெளியிலும் அந்தப் பெண்கள் முன்னரைவிடச் சுறுசுறுப்பாக நடமாடியதையும் அளந்து பதிந்தார்கள்.

நிறுவை குறைந்தால் அரைப் பேர் என்று எழுதப்படும் ஒரு தொழிலில் இது சிறிய செய்தியல்ல. அரைப் பேர் வாங்கிய எத்தனை பெண்கள் கை மந்தம் என்று ஏச்சு வாங்கியிருப்பார்கள்!

ஒரு மறுப்பு

எல்லோரும் இதை ஏற்றுக்கொள்ளவில்லை. பின்னர் 2015 இல் நோபல் பரிசு பெற்ற அங்கஸ் டீட்டனும், சங்கர் சுப்பிரமணியனும் இந்தியாவின் மகாராஷ்டிரக் கிராமங்களின் கணக்கை எடுத்துப் பார்த்து 1996 இல் மறுத்து எழுதினார்கள். ஒரு நாள் வேலைக்கு வேண்டிய கலோரியை மலிவான தானியத்தில் வாங்கினால், அதன் விலை நாட்கூலியில் நூற்றுக்கு ஐந்து கூட வராது என்றார்கள். அப்படியிருக்க, கலோரி போதாமையால் ஒருவர் கூலிச் சந்தையிலிருந்து தள்ளப்படுகிறார் என்று எப்படிச் சொல்வது?

நியாயமான கேள்விதான். தெஹிவளை ஐயாவின் வீட்டிலும் வயிறு நிரம்பத்தான் செய்கிறது. காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் சோறும் பருப்பும், இரவு மறுபடியும் பாண். ஆனால் கொழுந்து பறித்த பெண்களுக்குக் குறைந்தது கலோரி அல்ல, இரும்புச் சத்து. சோறும் பாணும் வயிற்றை நிரப்பும். இரத்தத்துக்கு வேண்டியது கீரையிலும் மீனிலும் இறைச்சியிலும் பயற்றிலும் இருக்கிறது. ஊரில் முருங்கைக்கும் முட்டைக்கும் யாரும் காசு எண்ணியதில்லை. வேலியில் நின்றதும் கூட்டில் கிடந்ததும் தெஹிவளையில் கடைச் சாமான் ஆகிவிட்டன. 2022 ஆம் ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி உணவு விலை ஓர் ஆண்டுக்குள் நூற்றுக்கு 94.9 ஏறியிருந்தது. அந்த வீட்டில் அப்போது முதலில் நின்றது மீன், அடுத்தது முட்டை. பாண் நிற்கவில்லை. ஆகவே டீட்டனின் மறுப்பு எங்கள் ஐயாவின் பேச்சைப் பொய்யாக்கவில்லை. கேள்வியைச் சோற்றுப் பானையிலிருந்து கறிச் சட்டிக்கு மாற்றுகிறது.

கறிச் சட்டியில் கடைசியாகக் கை வைப்பவர் யார் என்பதும் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஐயாவின் மனைவி வெள்ளவத்தையில் ஒரு வீட்டில் சமையல் வேலை செய்கிறார். மாதச் சம்பளம். இரண்டு வருடமாகத் தலைச்சுற்று, படி ஏறினால் மூச்சு வாங்குதல். வயது போகிறது என்று இருந்துவிட்டார். மகள் வற்புறுத்தி அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனபோதுதான் குருதிச்சோகை என்று தெரிந்தது. குளிசை இலவசமாகக் கிடைத்தது. முதல் வாரம் வயிற்றைப் பிரட்டியதாலும் மலம் கறுப்பாகப் போனதாலும் பயந்து நிறுத்தியிருக்கிறார். இரண்டுமே இரும்புக் குளிசையால் வழமையாக வருவன என்று தாதி விளக்கிய பிறகு மறுபடி தொடங்கினார்.

வாசகர்களில் பலருக்கு இது உதவும் என்பதால் சில வார்த்தை. களைப்பு என்றவுடன் கடையில் குளிசை வாங்கி விழுங்கவேண்டாம். தலசீமியா போன்ற பரம்பரை நோயாலும் இரத்தம் குறையும். அவர்களுக்கு இரும்பு கூடினால் கேடு. இரத்தத்தைச் சோதித்த பிறகே எடுக்கவேண்டும். சாப்பாட்டோடு தேசிக்காய், கொய்யா, நெல்லி சேர்த்தால் கீரையிலுள்ள இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீர் அதைத் தடுக்கும். ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். சோற்றுக்குப் பின் பிளேன்டீ இல்லாமல் எழும்பாத எங்கள் ஆட்களுக்கு இது கஷ்டமான புத்திமதிதான். பசளை வாளியில் வல்லாரையும் பொன்னாங்காணியும் நடலாம்; தெஹிவளை மாடிகளிலும் நட்டிருக்கிறார்கள்.

பலம் வந்தால் பலன் யாருக்கு?

ஜாவாத் தீவின் நடுப்பகுதியில், புர்வொரேஜோ என்ற மாவட்டத்தில், டங்கன் தோமஸ் என்ற பொருளியலாளரும் அவரது குழுவினரும் 2000 ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கானோருக்கு வாரம் ஒருமுறை இரும்புக் குளிசை கொடுத்து ஆராய்ந்தார்கள். முன்னர் இரும்புச் சத்துக் குறைந்திருந்த ஆண்கள் வருத்தத்தால் இழக்கும் வேலை நேரம் குறைந்தது. ஆனால் வருமானம் கூடியது, சொந்தமாகத் தொழில் செய்தவர்களுக்கு. நேரக் கணக்கில் சம்பளம் வாங்கியவர்களுக்குச் சம்பளம் அப்படியே நின்றது. அவர்கள் உடம்பில் ஏறிய பலத்தின் பலன், அவர்களுடைய பைக்குள் வரவில்லை.

இதை நாங்கள் அந்த அம்மாவிடம் சொன்னபோது சிரித்தார்.

“அது சரிதானே. எனக்கு நல்லா வந்து மூண்டு மாசம், சம்பளம் அதேதான். முந்தி வேலையால வந்து படுத்தா எழும்பமாட்டன். இப்ப விடிய மூண்டரைக்கு எழும்பி இடியப்பம் அவிச்சு ரெண்டு கடைக்குக் குடுத்திட்டுத்தான் வெள்ளவத்தைக்குப் போறன்.”

இடியப்பக் காசு யார் கையில் இருக்கிறது என்று கேட்டோம். ஐயா எங்களைப் பார்க்காமல் வாசலைப் பார்த்தார். அம்மா மடிப்பெட்டியைத் தட்டிக் காட்டினார். அதிலிருந்து வாரத்தில் இரண்டு நாள் சூடை மீன் வாங்குகிறார். மிச்சம் ஊருக்குப் போய்வரும் பஸ் காசுக்காக. அவர்களுடைய காணி இருக்கும் பகுதி இன்னும் திறந்துவிடப்படவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால் கிணற்றுத் துலாக்கால் தெரிகிறதாம்.