இழுப்பது கார், நிறுத்துவது யார்?

பிசான அறுவடை முடியும் மாசி, பங்குனி மாதங்களில் தென்காசி மாவட்டத்தின் அச்சன்புதூர், வடகரை சாலைகளில் எதிரே வரும் டிராக்டர்களைக் கவனியுங்கள். பின்னால் பெட்டி இல்லாத டிராக்டரைப் பார்ப்பது அரிது. நெல் மூட்டை, வைக்கோல், தேங்காய், செங்கல், மணல், கோயில் கொடைக்குப் பந்தல் சாமான் என்று எதையும் அந்தப் பெட்டி சுமக்கும். இப்போது பல வீட்டு வாசல்களில் டிராக்டருக்குப் பதிலாக நான்கு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் காம்பாக்ட் எஸ்யூவி நிற்கிறது. இதற்கும் பின்னால் ஒரு சின்னப் பெட்டி மாட்டிக்கொண்டால் தோப்புக்கும் வீட்டுக்கும் வாடகை வண்டி தேட வேண்டாமே என்ற எண்ணம் வருவது இயல்புதான். பெட்டி செய்து தருவது வெல்டிங் பட்டறைக்கும் பெரிய வேலை இல்லை.

"இந்த கார் இழுக்குமா?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. சமதளத்தில் அரை டன் பெட்டியை இன்றைய எந்த எஸ்யூவியும் இழுத்துவிடும். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு இரண்டு. பெட்டி நேராகப் பின்தொடருமா? பிரேக் போட்டால் கார் அதையும் சேர்த்து நிறுத்துமா?

டிராக்டருக்குச் சரி, காருக்கு?

டிராக்டர் மெதுவாகப் போகும் வண்டி. அதன் எடையில் பெரும்பகுதி பின் சக்கரங்கள் மேல் இருக்கிறது. இழுப்பதும் அந்தச் சக்கரங்களே. பெட்டியை மாட்டும் கொக்கி பின் அச்சுக்குப் பக்கத்திலேயே தாழ்வாக இருப்பதால், பெட்டி கொடுக்கும் அழுத்தம் பெரும்பாலும் இழுக்கும் சக்கரங்களுக்கே பிடிமானமாகப் போய்ச் சேரும்.

காம்பாக்ட் எஸ்யூவிகளில் பெரும்பாலானவை முன் சக்கரத்தால் ஓடுபவை. கொக்கியை பம்பருக்கு அடியில் பொருத்தினால் அது பின் அச்சிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி நிற்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கொக்கியில் 50 கிலோ அழுத்தினால் பின் அச்சில் 70 கிலோ கூடும். மிகுதி 20 கிலோ முன் அச்சிலிருந்து கழிந்து வந்தது. திருப்புவது, இழுப்பது, பிரேக்கின் பெரும்பங்கு ஆகிய மூன்று வேலைகளையும் செய்யும் முன் சக்கரங்கள் அந்த அளவுக்கு லேசாகிவிடுகின்றன. குற்றாலம் சீசனில் சாரல் விழுந்து வழுக்கும் சாலையில் இந்த 20 கிலோவுக்கு மதிப்பு உண்டு.

முன்பாரம், பின்பாரம்

பெட்டியில் பாரத்தை எங்கே வைப்பது என்பது இந்தப் பக்கத்து மாட்டுவண்டிக்காரர்களுக்குத் தெரிந்த பாடம். சுமை பின்னால் அதிகமாகிவிட்டால் நுகத்தடி மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும். அதுதான் பின்பாரம். முன்னால் அதிகமானால் நுகத்தடி கழுத்தை அழுத்தி மாடு நடக்கத் திணறும். சற்றே முன்பாரமாக, நுகத்தடி கழுத்தில் படிந்தும் அழுத்தாமலும் இருக்கும்படி மூட்டைகளை நகர்த்தி வைப்பார்கள்.

கார் டிரெய்லருக்கும் இதே விதிதான். பெட்டியின் மொத்த எடையில் ஒரு பங்கு கொக்கியின் மேல் அமர வேண்டும். அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம் என்று சொல்கிறார்கள். ஐரோப்பாவில் இதைவிடக் குறைவாக, 5 முதல் 7 சதவீதம் வரை வைப்பது வழக்கம். 500 கிலோ பெட்டிக்கு 40, 50 கிலோ என்பது சிறிய காருக்கு ஒத்துவரும் அளவு. அளப்பதும் எளிது. பாரம் ஏற்றிய பெட்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, உடல் எடை பார்க்கும் மெஷின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, கார் கொக்கியின் உயரத்தில் பெட்டியின் முன்முனையை அதில் அமர்த்தினால் எடை தெரிந்துவிடும்.

கனமான சாமானை அச்சுக்கு நேர் மேலே, தரையோடு ஒட்டி, சற்றே முன்தள்ளி வைக்க வேண்டும். முன்னால் இரண்டு மூட்டை, பின்கோடியில் இரண்டு மூட்டை என்று வைத்தால் தராசுக் கணக்கு சரியாக வரலாம். ஆனாலும் அது ஆபத்தான ஏற்றம். எடை இரு கோடிகளிலும் இருந்தால், ஒருமுறை ஆடத் தொடங்கிய பெட்டி எளிதில் அடங்காது. இறக்கும்போது பின்பக்கத்துச் சாமானை முதலில் இறக்குங்கள். முன்பக்கத்தைக் காலி செய்துவிட்டுப் பின்பக்கத்தில் மூட்டையை விட்டுவைத்தால், பெட்டி காரின் பின்பக்கத்தையே தூக்கப் பார்க்கும்.

பெட்டி வாலாட்டும்போது

டிரெய்லர் விபத்துகளில் மிகவும் பயங்கரமானது, பெட்டி இடமும் வலமுமாக வீசத் தொடங்குவது. குழியில் ஒரு சக்கரம் இறங்குவதோ, பக்கவாட்டில் வீசும் காற்றோ, கடந்து போகும் பேருந்து தள்ளும் காற்றோ பெட்டியைச் சற்றே திருப்பிவிடும். திரும்பிய பெட்டியை அதன் டயர்கள் நேர்ப்பாதைக்குத் தள்ளுகின்றன. அது நேர்ப்பாதையைத் தாண்டி மறுபக்கம் போகிறது. குறைந்த வேகத்தில் ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடச் சிறுத்து அடங்கிவிடும். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால் ஒவ்வொரு வீச்சும் பெருத்துக்கொண்டே போய், காரின் பின்பக்கத்தையும் சேர்த்துச் சுழற்றிவிடும். பின்பாரம் எந்த அளவுக்குக் கூடுகிறதோ அந்த அளவுக்கு இந்த எல்லை வேகம் இறங்கிவிடும். ஓடும் பட்டையின் மேல் பொம்மைக் காரையும் பெட்டியையும் வைத்து இதைச் செய்து காட்டுவதுண்டு. எடை முன்னால் இருந்தால், விரலால் தட்டிவிட்டாலும் பெட்டி தானே நேராகிறது. அதே எடையைப் பின்னுக்கு நகர்த்தித் தட்டினால் சில நொடிகளில் காரும் பெட்டியும் கவிழ்கின்றன.

தென்காசி மாவட்டத்துக்கு இதில் கூடுதல் கவனம் வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வீசும் வழி இது. ஆடிக் காற்றில் தார்ப்பாய் கட்டிய உயரமான பெட்டி பாய்மரம்போல் காற்றை வாங்கும்.

பெட்டி ஆடத் தொடங்கினால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாகக் குறைய விடுங்கள். ஆட்டத்துக்கு எதிராக ஸ்டீயரிங்கைத் திருப்பினால் நம் கை எப்போதும் அரை நொடி பிந்தும். அது ஆட்டத்தைக் கூட்டவே செய்யும். காரின் பிரேக்கை அழுத்தி மிதித்தால், பின்னாலிருந்து தள்ளும் பெட்டி காரை மடக்கிவிடக்கூடும். வேகம் கூட்டி நேராக்கலாம் என்று சிலர் சொல்வதைக் கேட்காதீர்கள். ஆட்டத்தை வளர்ப்பதே வேகம்தான்.

நிறுத்தும் கணக்கு

1,200 கிலோ கார் 60 கிலோமீட்டர் வேகத்தில், காய்ந்த சாலையில் முழு பிரேக் போட்டால் ஏறக்குறைய 20 மீட்டரில் நிற்கும். அதன் பின்னால் பிரேக் இல்லாத 600 கிலோ பெட்டி இருந்தால், அதே நான்கு டயர்கள் 1,800 கிலோவை நிறுத்தியாக வேண்டும். தூரம் 30 மீட்டராகிவிடும். கண் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போகும் ஒரு நொடியில் வண்டி ஓடிவிடும் 17 மீட்டரை இதனோடு கூட்டிக்கொள்ளுங்கள். மழை ஈரத்தில் இன்னும் நீளும்.

இதனால்தான் ஐரோப்பாவில் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோ என்ற உச்சவரம்பு இருக்கிறது. பிரிட்டனில் 750 கிலோ, இழுக்கும் காரின் எடையில் பாதி ஆகிய இரண்டில் எது குறைவோ அதுவே எல்லை. அதற்கு மேற்பட்ட பெட்டிகளுக்குத் தனி பிரேக் கட்டாயம். அங்கே பரவலாக இருக்கும் ஏற்பாடு எளிமையானது. கார் வேகம் குறைந்ததும் பெட்டி முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளலே பெட்டியின் முன்முனையில் இருக்கும் ஒரு தண்டை அமுக்கி, பெட்டியின் பிரேக்கைப் பிடிக்க வைக்கும். அமெரிக்காவில் ஓட்டுநர் இருக்கையிலிருந்தே இயக்கும் மின்சார பிரேக் அதிகம். நம் ஊரில் ஓடும் பழைய டிராக்டர் பெட்டிகள் பலவற்றில் பிரேக்கே இல்லை. டிராக்டரின் மெதுவான வேகம் அந்தக் குறையை ஓரளவு மறைக்கிறது. காரின் வேகத்தில் அதை மறைக்க முடியாது.

இறக்கத்தில் யார் யாரை இழுக்கிறார்கள்?

இலங்கையில் விவசாயிகள் பயன்படுத்தும் இரு சக்கர டிராக்டரில் ஒரு விந்தை உண்டு. சமதளத்தில் இடது கைப்பிடியின் கிளட்சைப் பிடித்தால் வண்டி இடப்பக்கம் திரும்பும். பெட்டியோடு இறக்கத்தில் போகும்போது அதே கிளட்சைப் பிடித்தால் வலப்பக்கம் திரும்பிவிடும். இறக்கத்தில் இழுப்பதை விட்டுவிட்டு, பெட்டியின் தள்ளலைத் தடுத்துக்கொண்டிருக்கிறது எஞ்சின். கிளட்ச் விடுவித்த இடச்சக்கரம் தடை நீங்கி முந்தி உருளும். வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும். பழக்கம் இல்லாதவர்கள் பள்ளத்தில் இறங்கிவிடுவார்கள்.

காரில் ஸ்டீயரிங் மாறாது. தள்ளல் மட்டும் அதேதான். அச்சன்புதூரிலிருந்து செங்கோட்டை போய், கேரளத்துக்கு ஏறும் புளியரை மலைச்சாலையின் எஸ் வளைவை நினைத்துப் பாருங்கள். 1,800 கிலோ எடை 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஏறக்குறைய ஆறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் அந்த வெப்பம் முழுவதும் காரின் பிரேக்கில் ஏறும். சூடேறிய பிரேக் பிடிமானம் இழக்கும். இறக்கம் தொடங்கும் முன்பே இரண்டாம் கியருக்கு வந்து எஞ்சினையே தடையாக்கிக்கொள்வதும், வளைவுக்கு முன்னால் நேர்ச்சாலையிலேயே வேகத்தைக் குறைத்துவிடுவதும் கட்டாயம். ஆட்டோமேட்டிக் காரிலும் கையால் கியர் குறைக்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். வளைவில் பெட்டியின் சக்கரங்கள் காரின் சக்கரங்களைவிட உள்ளே வெட்டிக்கொண்டு வரும் என்பதால் சற்று அகலமாகத் திரும்ப வேண்டும்.

கொக்கி, சங்கிலி, விளக்கு

கார் கொக்கியில் இருக்கும் உருண்டைக் குண்டும், அதன் மேல் அமரும் பெட்டியின் கிண்ணமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். 50 மில்லிமீட்டர் குண்டு ஐரோப்பிய அளவு. இரண்டு அங்குலம் என்பது 50.8 மில்லிமீட்டர். இந்த நூலளவு வேறுபாடே குலுக்கலில் தேய்ந்து தேய்ந்து பெட்டி கழன்றுபோகக் காரணமாகலாம். கொக்கிக்கு அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். கொக்கி கழன்றாலும் முன்முனை சாலையில் குத்தாமல் அந்தச் சங்கிலிகள் தாங்கிக்கொள்ளும். பிரேக் விளக்கும் இண்டிகேட்டரும் பெட்டியின் பின்னாலும் எரிய வேண்டும்; சிவப்புப் பிரதிபலிப்பானும் இருக்க வேண்டும். இரவில் விளக்கில்லாமல் சாலையோரம் நிற்கும் டிராக்டர் பெட்டி எத்தனை ஆபத்தானது என்று தென்மாவட்டச் சாலைகளில் வண்டி ஓட்டுபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புறப்பட்டுப் பத்து கிலோமீட்டர் போனதும் நிறுத்தி, சக்கர நட்டுகளைப் பாருங்கள். சக்கரக் குடத்தைப் புறங்கையால் தொட்டால், பேரிங் இறுகியிருந்தால் சூடு காட்டிக்கொடுத்துவிடும்.

பின்னோக்கி எடுப்பதற்கு ஒரு வழி: ஸ்டீயரிங்கின் அடிப்பகுதியில் கையை வையுங்கள். பெட்டியின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும்.

சட்டம் சொல்வது

1988 மோட்டார் வாகனச் சட்டப்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனம்தான். அதற்குத் தனிப் பதிவு வேண்டும். 61-ஆவது பிரிவின்படி பெட்டியின் பக்கவாட்டில் அதன் எண்ணும், பின்புறத்தில், இழுக்கும் வண்டியின் எண்ணும் இருக்க வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள், தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றோடு முரண்படும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 52-ஆவது பிரிவு. எனவே பட்டறையில் பற்றவைத்த கொக்கி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேள்விக்குள்ளாகலாம், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸிலும் சிக்கலாகலாம். இங்கே விற்கும் சிறிய கார்கள் சிலவற்றின் கையேடு, டிரெய்லர் இழுக்கப் பரிந்துரைக்கவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கிறது. அப்படி எழுதியிருந்தால் பேச்சு அதோடு முடிந்தது.

இந்தியாவில் கார் டிரெய்லர் பரவாததற்கு இன்னொரு காரணமும் இருப்பதாகத் தோன்றுகிறது. 2005-இல் வந்த டாட்டா ஏஸ் மினி லாரியை நாம் 'குட்டி யானை' என்று கூப்பிடுகிறோம். மேலை நாட்டில் காரின் பின்னால் பெட்டி மாட்டிச் செய்யும் வேலையை அது நான்கு சக்கரத்திலும் பிரேக்கோடு செய்துவிடுகிறது.

ஆகவே, காரின் கையேடு அனுமதித்து, பதிவும் இன்சூரன்ஸும் சரியாக இருந்தால், தோப்பிலிருந்து வீடுவரை சமதளத்தில், முன்பாரம் பார்த்து ஏற்றிய சின்னப் பெட்டியை 40 கிலோமீட்டர் வேகத்தில் நிதானமாக இழுக்கலாம். பெட்டியில் பிரேக் இல்லையென்றால் புளியரை மலைச்சாலைக்கு அதைக் கொண்டுபோகாதீர்கள். அந்த ஒரு நாளுக்கு மட்டும் குட்டி யானைக்கு வாடகை கொடுத்துவிடுங்கள்.