கல் தேயுமுன்

இளையரசனேந்தல் போன்ற கரிசற் சிற்றூர்களிலிருந்து மாமல்லபுரம் செல்லும் குடும்பத்தார் கடற்கரைக் கோயிலின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வது வழக்கம். நல்ல நினைவுதான். ஆயினும், அப்படங்களில் நம் முகம் தெரியும் அளவுக்குச் சிற்பம் தெரிவதில்லை.

எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் இராசசிம்மன் எழுப்பிய அக்கோயிலை உப்புக்காற்றும் மணலும் இன்றளவும் அரித்து வருகின்றன. பல உருவங்கள் முகம் இழந்துவிட்டன. தேய்ந்ததை மீட்க இயலாது. எஞ்சியதைப் பதிவு செய்ய இயலும்.

மெக்சிகோ நாட்டுக் கடலோரத்தில் தூலும் என்னும் மாயா மக்களின் பழநகர் இடிந்து கிடக்கிறது. ஸ்டீபன்ஸ் என்னும் பயணியும் கேதர்வுட் என்னும் ஓவியரும் 1842ஆம் ஆண்டு அதனைக் கண்டனர். அப்பயணத்தில், அந்நாளில் புதுமையாயிருந்த நிழற்படக் கருவியையும் கொண்டு சென்றனர். அவ்வாண்டே நியூயார்க்கில் மூண்ட தீ அவர்தம் சேகரிப்பில் பெரும்பகுதியை விழுங்கிற்று. 1843இல் நூலாக அச்சேறிய ஓவியங்களோ இன்றும் ஆய்வாளருக்குத் துணைநிற்கின்றன. ஒரே படியாய் இருப்பது எளிதில் அழியும் என்பதை இது உணர்த்துகிறதன்றோ?

ஆகவே, அன்பர்களே, குடும்பப் படத்தோடு கல்லையும் ஒரு படம் எடுப்போம். கிழக்கு நோக்கிய பகுதிகளுக்குக் காலை வேளையே ஏற்றது. சாய்ந்து விழும் வெயிலில் மங்கிய செதுக்கலும் புலப்படும். உச்சி வெயிலில் மறைந்துவிடும். சிற்பத்தைத் தொடாமலும் அதன்மேல் ஏறாமலும் எடுப்போம். நாளும் திசையும் குறித்து, இரு படிகளை வெவ்வேறு இடங்களில் வைப்போம். நம் வட்டாரத்துக் கழுகுமலை வெட்டுவான் கோயிலுக்கும் இம்முறையே பொருந்தும். நம் பேரப்பிள்ளைகள் ஒருநாள் அப்படத்தைக் கையில் ஏந்திக் கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.