குளிர் இரவுக்கு ஏற்ற உறக்கப் பை

விடுமுறையில் குடும்பத்துடன் லடாக்கிற்குச் சென்று கூடாரத்தில் தங்க நாம் திட்டமிடலாம். அங்கு 4,200 மீட்டருக்கும் மேலான உயரத்தில் உள்ள பாங்காங் ஏரிக்கரையில், கோடைக்கால இரவுகளிலும் கடுங்குளிர் நிலவும். அத்தகைய இடத்தில் ‘ஸ்லீப்பிங் பேக்’ எனப்படும் உறக்கப் பை ஆடம்பரமன்று, அடிப்படைத் தேவை.

விலையை ஒப்பிடுமுன் வெப்பநிலை அளவை நோக்க வேண்டும். ஐஎஸ்ஓ 23537 தரமுறைப்படி சோதிக்கப்பட்ட பைகளில் ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’, ‘எக்ஸ்ட்ரீம்’ என மூன்று அளவுகள் குறிக்கப்பட்டிருக்கும். இவற்றுள் மூன்றாவது, உயிருக்கே ஆபத்து நேரக்கூடிய எல்லை. அதனை நம்பி வாங்கினால் இரவெல்லாம் நடுங்க நேரிடும். முதல் அளவையே கணக்கில் கொள்க. இவை பெரியவர்களைக் கருதி வகுக்கப்பட்டவை. எனவே குழந்தைகளுக்கு அவர்தம் உயரத்திற்கேற்ற, கூடுதல் கதகதப்புள்ள பையைத் தேர்க.

வாத்தின் மென்தூவி நிரப்பிய பை எடை குறைந்தது. ஆயினும் விலை மிகுந்தது, நனைந்தால் வெப்பம் காக்காது. செயற்கை இழைப் பை சற்றுக் கனமானது. எனினும் விலை குறைவு, விரைவில் உலரும். வாகனத்தில் செல்லும் குடும்பத்திற்கு இதுவே போதும்.

படுக்கும்போது பையின் அடிப்பாகம் அழுந்துவதால் தரைக்குளிர் உடலில் ஏறும். ஆகவே பைக்கென ஒதுக்கிய தொகையில் சிறு பகுதியை நுரைப்பாய்க்கு ஒதுக்குவது நலம்.

எப்போதோ ஒருமுறை செல்வோர் லே நகரில் வாடகைக்கே பெறலாம். ஜிப், தையல், தூய்மை ஆகியவற்றைச் சரிபார்த்த பின்னரே முன்பணம் செலுத்துவோம்.