விகுதிக்குள் ஒளிந்த 'நான்'

சொற்களை எண்ணி மனத்தின் நோயை அறியலாம் என்று படித்தபொழுது முதலில் எனக்கு நகைப்பே வந்தது. கவிதையைச் சுவைப்பவன் சொல்லை எண்ணிக்கொண்டா இருப்பான்? ஆயினும் அமெரிக்காவின் ரெக்சாஸ் பல்கலைக்கழகத்து உளவியலறிஞர் ஜேம்ஸ் பென்னபேக்கர் அதனையே செய்தார். தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்ட ஒன்பது கவிஞர்கள், அங்ஙனம் மாளாத ஒன்பது கவிஞர்கள். இவர்தம் பாடல்களுள் ஏறத்தாழ 300, கணினியால் ஆராயப்பட்டன. முடிவு 2001ஆம் ஆண்டு வெளிவந்தது. துயரச் சொற்களின் தொகையில் இருசாராரும் பெரிதும் வேறுபடவில்லை! முன்னவர் பாடல்களில் 'நான்' மிகுந்திருந்தது. பிறரையும் சேர்த்துப் பேசும் சொற்கள் குறைந்திருந்தன.

இவ்வளவுகோல் தமிழுக்குப் பொருந்துமா? ஆங்கிலத்தில் 'நான்' வெளிப்படையாக நிற்கும். நாமோ 'வந்தேன்', 'அழுதேன்' என்று வினையின் விகுதிக்குள் அதனை ஒளித்துவிடுகிறோம். ஆகவே தமிழ் படிக்கும் கணினி, சொல்லை எண்ணுமுன் பகுதி வேறு, விகுதி வேறாகப் பிரிக்கக் கற்கவேண்டும். அதுவும் போதாதென்பதை நண்பர் ஒருவரின் பழைய கடிதக்கட்டு எனக்குக் காட்டிற்று.

அவர் பல மாதம் மனச்சோர்வுற்று, பின்னர் மருத்துவத்தால் தேறியவர். நோய் முற்றிய காலத்துக் கடிதமொன்றில் இப்படி எழுதியிருந்தார்: "நித்திரை வரவில்லை. சோறு இறங்கவில்லை. ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை." இம்மூன்று வாக்கியங்களிலும் 'நான்' இல்லை, விகுதியிலும் இல்லை. நித்திரையும் சோறும் மனமுமே எழுவாய்கள். ஆளைக் காணோம்.

இன்னுமொன்று. 'நாம்' என்றால் கேட்பவனும் உள்ளே. 'நாங்கள்' என்றால் அவன் வெளியே. பேச்சில் இவ்வேறுபாட்டை யாழ்ப்பாணத்தவராகிய நாம் பேணுவதில்லை. நண்பரோ எழுத்தில் இலக்கணம் பிசகாதவர். முதற் கடிதங்களில் "நாம் நடந்து திரிந்த ஒழுங்கை" என்று என்னையும் கூட்டிக்கொண்டவர், பின்னர் "நாங்கள்" என்று தம் வீட்டாரோடு ஒதுங்கினார். கடைசி இரண்டு கடிதங்களில் அதுவுமில்லை. ஒருவர் கடிதங்கள் ஆய்வாகிவிடா என்பதை அறிவேன். எனினும், ஆங்கிலத்தில் ஒரே சொல்லாய்க் கிடப்பது தமிழில் இரண்டாய்ப் பிரிந்து நிற்பதை நம் மொழியில் இவ்வாய்வு செய்வோர் கருதவேண்டும். கடிதங்களைக் கணினிக்குக் கொடுக்குமுன் எழுதியவரின் சம்மதமும் வேண்டும்.

அதனாலேயே இதனை எழுத அவரிடம் அனுமதி கேட்கப் போனேன். கட்டை வாங்கிப் புரட்டிவிட்டுச் சிரித்தார்.

"எழுதும். ஆனால் உதுகளை இப்ப இருந்து எண்ணுறீர். அப்பவே ஒரு மறுமொழி போட்டிருக்கலாமே, காணும்!"