சுண்ணாம்பு செய்த மாயம்!

மக்காச்சோளம் வேகும்போது கொஞ்சம் சுண்ணாம்பைப் போடச் சொன்னால், ‘என்ன, விளையாடறீங்களா?’ என்றுதானே கேட்பீர்கள்? மெக்ஸிகோவின் அஸ்டெக் மக்கள் தினமும் அதைத்தான் செய்தார்கள்.

ஏரிக்கு நடுவே டெனோச்டிட்லான் என்ற தலைநகரைக் கட்டி வாழ்ந்தவர்கள் இவர்கள். 1521-ல் ஸ்பானியர்கள் அதைப் பிடித்தார்கள். இவர்களுக்கு அரிசி, கோதுமை எதுவும் தெரியாது; மக்காச்சோளம்தான் சாப்பாடு. ராத்திரியே அதைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து, அப்படியே ஊற விட்டுவிடுவார்கள். விடியுமுன்பே பெண்கள் எழுந்து, தோல் போக நன்றாக அலசி, கல்லில் அரைப்பார்கள். நம்ம அம்மி மாதிரிதான். ஆனால் சரிவாக இருக்கும், மூன்று கால்கள் உண்டு. மாவைக் கையால் தட்டி, மண்கல்லில் போட்டால் சுடச்சுட ரொட்டி ரெடி!

சுண்ணாம்பு எதுக்கு? தோல் சுலபமாகக் கழன்றுவிடும். மாவும் விண்டு போகாமல் சேர்ந்து வரும். அவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தெரியாத நன்மை ஒன்றும் இருந்தது. மக்காச்சோளத்தில் உள்ள ‘நியாசின்’ என்ற வைட்டமின், நம் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. அதை விடுவிப்பது சுண்ணாம்பு! போதாததற்குக் கால்சியமும் சேர்கிறது.

விதை போச்சு, பக்குவம் போகலை!

ஐரோப்பியர்கள் மக்காச்சோள விதையை எடுத்துப் போனார்கள். சமைக்கும் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். விளைவு? அதையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்கு ‘பெலாக்ரா’ வந்தது. வெயில் படும் இடமெல்லாம் தோல் கறுத்து உரியும், வயிற்றுப்போக்கு, புத்தி தடுமாற்றம், கடைசியில் மரணம். 1735-ல் ஸ்பெயினில் காஸ்பர் காஸல் என்ற டாக்டர் இந்த நோயை முதலில் விவரித்தார்.

பிற்பாடு அமெரிக்காவின் தென்பகுதியிலும் இது லட்சக்கணக்கானோரை வாட்டியது. தொற்றுநோய் என்றே பலரும் பயந்தார்கள். ‘இல்லை, சாப்பாட்டுக் குறைதான்’ என்றார் டாக்டர் ஜோசப் கோல்ட்பெர்கர். நிரூபிக்க என்ன செய்தார் தெரியுமா? 1916-ல் நோயாளியின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஊசி மூலம் ஏற்றிக்கொண்டார்! நோய் வரவில்லை. குறைந்திருப்பது நியாசின்தான் என்பதை 1937-ல் கான்ராட் எல்வேஜெம் கண்டுபிடித்தார்.

அஸ்டெக் மக்கள் மக்காச்சோளத்தை மட்டும் சாப்பிடவில்லை. கூடவே பீன்ஸ், பூசணி, தக்காளி, மிளகாய், கீரை விதை எல்லாம் இருந்தன.

உங்களுக்கு ஒரு வார்த்தை

வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்துச் சோளப் பானையில் போட்டுவிடாதீர்கள்! அளவு தப்பினால் வாயும் வயிறும் புண்ணாகிவிடும். நமக்குச் சுலபமான வழி இருக்கிறது. எந்தத் தானியமானாலும், அதை மட்டுமே நம்பாமல் பருப்பு, வேர்க்கடலை, பால், முட்டை, மீன் என்று முடிந்ததைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நியாசின் தானாகக் கிடைத்துவிடும்.