பிரிவின் துயரமும் இழப்பின் கைசேதமும்



கணவன் மனைவி உறவு முறிந்த பிறகும் ஒருவர் உள்ளத்தில் மற்றவர் மீதான நேசம் எஞ்சியிருப்பது உண்டு. அவ்வாறு ஏங்கி அழுபவரை 'ஈமான் பலவீனமானவர்' என்று நாம் எளிதாகப் பேசிவிடுகிறோம். நபி (ஸல்) அவர்களின் காலத்தில் நிகழ்ந்த இரண்டு சம்பவங்களைக் கவனியுங்கள். இரண்டும் ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளன.

அடிமையாக இருந்த பரீரா (ரலி) அவர்களை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விலைக்கு வாங்கி உரிமை விட்டார்கள். அடிமையாகவே இருந்த தம் கணவர் முகீஸ் (ரலி) அவர்களுடன் வாழ்வதா, பிரிவதா என முடிவு செய்யும் உரிமை பரீரா (ரலி) அவர்களுக்குக் கிடைத்தது. அவர்கள் பிரிவையே விரும்பினார்கள். முகீஸ் (ரலி) அவர்களோ தாடியில் கண்ணீர் வழிய, மதீனாவின் வீதிகளில் அவருக்குப் பின்னால் அழுதுகொண்டே சென்றார்கள். நபி (ஸல்) அவர்கள் அந்த நேசத்தையும் இந்த வெறுப்பையும் தம் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி) அவர்களிடம் வியந்து கூறினார்கள். முகீஸிடம் திரும்பிச் செல்லலாமே என பரீராவிடமும் எடுத்துச் சொன்னார்கள். இது கட்டளையா என அவர் வினவியபோது, பரிந்துரை மட்டுமே என்றார்கள். தமக்கு அவர் தேவையில்லை என்றார் பரீரா. அத்துடன் பேச்சு முடிந்தது.

அல்லாஹ்வின் தூதரே வற்புறுத்தாத இடத்தில் நாம் வற்புறுத்தலாமா?

மற்றொரு சம்பவம். மஃகில் பின் யஸார் (ரலி) அவர்களின் சகோதரியைக் கணவர் தலாக் சொல்லி, இத்தாவும் முடிந்துவிட்டது. பின்னர் அவரே மீண்டும் பெண் கேட்டு வந்தார். சகோதரிக்கும் விருப்பம் இருந்தது. கோபம் கொண்ட மஃகில் (ரலி) அவர்கள் மறுத்துவிட்டார்கள். முறைப்படி இருவரும் பொருந்திக்கொண்டால் தடுக்காதீர்கள் என்ற கருத்தில் அல்பகரா 232ஆம் வசனம் இறங்கியது. உடனே கோபத்தை விட்டு மீண்டும் மணமுடித்துக் கொடுத்தார்கள்.

ஆகவே பெற்றோர்களே! மார்க்கத்தில் வழியிருந்து இருவரும் விரும்பினால் நம் ரோஷம் குறுக்கே நிற்க வேண்டாம். ஒருவர் மட்டும் விரும்பினால், பெரியவர்கள் மூலம் கண்ணியமாக ஒருமுறை எடுத்துச் சொல்லுங்கள், மறுத்தால் விட்டுவிடுங்கள். தொலைபேசியிலும் தெருவிலும் பின்தொடர்வது நேசமாகாது, அது தொல்லை.

இழந்து வருந்தும் சகோதரனே, சகோதரியே! 'இப்படிச் செய்திருந்தால்' என்று எண்ணி எண்ணிக் குமைவது ஷைத்தானுக்கு வாசலைத் திறந்துவிடும் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். தவறு உங்களுடையதாக இருந்தால் தவ்பா செய்யுங்கள். கொடுக்க வேண்டிய மஹர் பாக்கியிருந்தால் கொடுத்துவிடுங்கள். புண்படுத்திய சொல்லுக்கு மன்னிப்புக் கேளுங்கள். கைசேதம் பயன் தருவது அப்போதுதான். மீதமுள்ள கண்ணீரை ஸஜ்தாவில் சிந்துங்கள். அதை அல்லாஹ் அறிவான்.

உடைந்த உள்ளங்களுக்கு அல்லாஹ் ஆறுதலையும், நமக்கு அவர்களைக் காயப்படுத்தாத நாவையும் தந்தருள்வானாக! ஆமீன்.