வாத்தியாருக்கும் பரீட்சை

திருப்பதியை 2021 நவம்பரில் புரட்டிப்போட்டது மழை. அடுத்த முறை எங்கே, எவ்வளவு கொட்டும்? அருகிலுள்ள புத்தூர் விவசாயிகளின் கேள்வியும் இதுதான். பதில் தருபவை கணினி மாதிரிகள். அந்த விடைத்தாளைத் திருத்தும் வாத்தியார்கள், செயற்கைக்கோள்கள்.

ஆனால் வாத்தியாரும் தவறலாம். அகச்சிவப்புக் கருவி அறிவது மேக உச்சியின் வெப்பநிலையை மட்டுமே. மழையளவு அதிலிருந்து ஊகிக்கப்படுகிறது. மலையில் மோதித் தாழ்வாகவே நின்று பொழியும் மேகம் அதை ஏமாற்றிவிடும்.

எனவே வாத்தியாருக்கும் பரீட்சை உண்டு. திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையே உள்ள காதங்கியில் இயங்குகிறது தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடம். 2011ல் ஏவப்பட்ட இந்திய-பிரெஞ்சு செயற்கைக்கோள் மேகா-ட்ரோபிக்ஸ் கணித்த காற்றின் ஈரப்பதம், இங்கிருந்து பறந்த பலூன்களின் அளவுகளோடு ஒப்பிடப்பட்டது. அந்தக் கோளின் ஆயுள் 2023ல் முடிந்தது. இன்சாட்-3டிஎஸ் 2024ல் வந்துவிட்டது. வானில் எத்தனை கண்கள் இருந்தாலும், மண்ணில் ஒரு மழைமானி தேவைப்படுகிறது.